வெள்ளாயணியில் மீன் ஏறிய காலை

"க்ளுக்" என்று ஒரு சத்தம். வாய் குறுகிய செம்பைத் தண்ணீரில் அமுக்கினால் வருமே, அதே சத்தம். விடிகிற நேரத்தில் வீட்டின் பின்புறமிருந்து கேட்கும், சற்றுத் தள்ளி இன்னொன்று கேட்கும், பிறகு ஒன்றுமே இல்லாமல் இருந்துவிட்டு, நாம் மறந்துபோன சமயம் பார்த்து மறுபடியும் ஒன்று கேட்கும். வெள்ளாயணிக் காயல் கரையில் நாங்கள் குடியேறிய முதல் வாரம் முழுவதும் இந்தச் சத்தம் அப்பாவைப் பாடாய்ப் படுத்தியது. யாரோ காயலில் கல்லெறிகிறார்கள் என்பது அவருடைய முடிவு. அப்பா ஓர் அரசாங்க அலுவலகத்தில் யு.டி. கிளார்க்காக இருந்தார். எந்தத் தொல்லையையும் உரியவரிடம் முறைப்படி தெரிவித்துவிட்டால் பாதி தீர்ந்த மாதிரி என்று நம்புகிறவர். ஆகவே குளித்து, விபூதி இட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுச் செல்லையனிடம் போய்ப் புகார் கொடுத்தார்.

செல்லையன் பாறசாலைப் பக்கத்துத் தமிழர். மனைவி எஸ்தரின் பிறந்த வீடு வெள்ளாயணி என்பதால் இங்கேயே வந்து தங்கிவிட்டவர். கொஞ்சம் வயல், ஒரு சின்ன வள்ளம், ஞாயிற்றுக்கிழமை சர்ச், இவ்வளவுதான் அவருடைய உலகம். அப்பா சொன்னதை முழுவதும் பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "கல்லெறிய ஒருத்தனும் வரல்ல சாமி. அது வரால் மூச்சு எடுக்கதாக்கும்."

"மீன் தண்ணிக்குள்ளேயேன்னா மூச்சு விடும்?"

"வராலுக்கு அது போராது. இடைக்கிடைக்கு மேல வந்து ஒரு வாய் காத்துக் குடிச்சிட்டுப் போவும். விடல்லேண்ணா தண்ணிக்குள்ளயே முட்டிச் செத்துப்போவும், கேட்டியளா?"

மீன் தண்ணீரில் மூச்சு முட்டிச் சாகும் என்ற செய்தி அப்பாவை உலுக்கிவிட்டது. அன்றே ஒரு பழைய அலுவலக அட்டையை எடுத்து, உள்ளே தாள்களை நாடாவில் கோத்து, "விஷயம்: காயல் மீன்களின் நடத்தை குறித்து" என்று மேலே எழுதினார். முதல் குறிப்பு எனக்கு இன்னும் மனப்பாடம். "வரால் மூச்சு விட மேலே வருவது நேரில் உறுதி செய்யப்பட்டது. கல்லெறிதல் பற்றிய புகார் இத்துடன் கைவிடப்படுகிறது."

நாங்கள் அங்கே போய்ச் சேர்ந்ததே கரையான் புண்ணியத்தில்தான். கரமனை அக்ரஹாரத்தில் எங்கள் வீட்டு உத்தரத்தை அது உள்ளுக்குள்ளேயே தின்று தீர்த்திருந்தது. கூரையை இறக்கி வீட்டைப் புதுப்பிக்க ஒரு வருஷம் ஆகும் என்றார்கள். அப்பாவோடு வேலை பார்த்த ஒருவருக்கு வெள்ளாயணியில் ஒரு வீடு காலியாகக் கிடந்தது. அக்ரஹாரத்தில் சேதி பரவியதும் எதிர் வீட்டு மாமி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, "மீன் வாடையில எப்படிக் குடித்தனம் பண்ணுவேள்?" என்று கேட்டாள். அம்மா பயந்துபோய் ஊதுபத்திக் கட்டுகளாகவே வாங்கி ஒரு டிரங்குப் பெட்டியில் அடுக்கினாள். நான் அப்போது ஐந்தாம் வகுப்புச் சிறுமி. எனக்கு மட்டும் கால் தரையில் பாவவில்லை.

அந்த வீட்டுக்குக் காயலில் இறங்க ஆறு படிகள் இருந்தன. அம்மா அங்கேதான் பாத்திரம் கழுவுவாள். மூன்றாவது நாளே விரல் நீளப் "பரல்" மீன்கள் கூட்டமாக வந்து பானையின் அடியில் ஒட்டியிருந்த பருக்கைகளைக் கொத்தத் தொடங்கின. அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அன்றிலிருந்து தயிர் சாதத்தில் ஒரு பிடி அவற்றுக்கென்று ஒதுக்கினாள். ஏகாதசியன்று நாங்கள் அரிசி சாப்பிடுவதில்லை என்பதால் அவற்றுக்கும் அரிசி கிடையாது, கோதுமை ரவை உப்புமாதான். மீன்கள் ஒரு சுற்றுச் சுற்றி, மோந்து பார்த்துவிட்டு, வேறு வழியில்லாமல் தின்னும். "எங்காத்துப் படித்துறை மீனெல்லாம் சைவமாக்கும்" என்று அம்மா எஸ்தர் அக்காவிடம் பெருமையடித்துக்கொள்வாள். எஸ்தர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, "ஆமா மாமி, பாத்தாலே தெரியுது" என்பாள்.

ஒரு நாள் அம்மாவின் கைக்கு ஒரு சாண் தள்ளி, தயிர் சாதத்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த தவளையை ஒரு வரால் வந்து ஒரே வாயில் விழுங்கிவிட்டுப் போயிற்று. அம்மா பானையைப் போட்டுவிட்டு மேலே ஓடி வந்தாள். இரண்டு நாள் படித்துறைப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் வழக்கம்போலத் தயிர் சாதத்தோடு இறங்கினாள். "அது நம்ம மீன் இல்லை. வெளியிலேர்ந்து வந்தது" என்று அவளே ஒரு தீர்ப்பு சொல்லிக்கொண்டாள்.

ஐப்பசி மழையில், இங்கே துலாவர்ஷம் என்பார்கள், தண்ணீரின் மேல் ஒரு முறம் அளவுக்குச் செக்கச்செவேல் என்று ஒன்று மிதந்து நகர்ந்தது. குங்குமத்தைக் கொட்டிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கிட்டத்தில் வந்ததும் அது அத்தனையும் குஞ்சு! ஆயிரக்கணக்கில் சிவப்புக் குஞ்சுகள், ஒன்றோடு ஒன்று இழைந்து, ஒரே சமயத்தில் மேலே வந்து காற்றுக் குடித்துவிட்டு ஒரே சமயத்தில் உள்ளே போயின. மழைத்துளி விழுவதுபோல் அந்த இடம் மட்டும் பொரிந்தது. இதற்கு வரால் "பார்ப்பு" என்று பெயர். அடியில் தாயும் தகப்பனும் காவல் சுற்றும் என்று செல்லையன் சொல்லியிருந்தார். அப்பா நம்பவில்லை. கடைசிப் படியில் குந்தி, பேனா முனையால் தண்ணீரைத் தொட்டுக் காட்டி, "இதோ பார், இங்கே ஒண்ணும் இல்லை" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அடியிலிருந்து ஒன்று எம்பி அவர் மணிக்கட்டில் ஓர் இடி இடித்தது. பேனா காயலோடு போயிற்று. அப்பாவுக்குப் பேனா போன துக்கத்தைவிட, தகப்பன் மீனும் பிள்ளை வளர்க்கிறது என்ற பெருமைதான் பெரிதாக இருந்தது. ஒரு வாரம் அம்மாவிடம் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாசியில் தண்ணீர் தெளிந்தது. நான்காவது படியின் பக்கவாட்டுக் கல்லை ஒரு கரிமீன் ஜோடி வாயால் கொத்திக் கொத்திப் பாசி நீக்கிப் பளிச்சென்று ஆக்கியது. அப்புறம் அதில் கடுகு அளவு முட்டைகளை வரிசையாக ஒட்டி வைத்து, ஒன்று மாற்றி ஒன்று முன்னால் நின்று துடுப்பால் விசிறிக்கொண்டே இருந்தன. அம்மா அந்தப் படியில் தேங்காய் நாரை வைத்துத் தேய்ப்பதை நிறுத்திக்கொண்டாள். நான்கு நாள் கழித்துப் பார்த்தால் கல் காலி. பெற்றோரே தின்றுவிட்டன என்று அப்பா கோபமாக ஒரு குறிப்பு எழுதினார். நான் பள்ளிக்கூடம் போகாமல் அழுதேன். மறுநாள் எஸ்தர் அக்கா வந்து பார்த்து, கல்லுக்குக் கீழே மணலில் இருந்த சின்னச் சின்னக் குழிகளைக் காட்டினாள். பொரிந்த குஞ்சுகளை வாயில் கவ்விக் கொண்டுபோய் அந்தக் குழிகளில் கிடத்தியிருந்தன அந்த இரண்டும். இன்னும் நீந்தத் தெரியாத குஞ்சுகள் வாலை மட்டும் ஆட்டிக்கொண்டு கிடந்தன. அப்பா பழைய குறிப்பைக் கோடு போட்டு அடித்துவிட்டுப் பக்கத்தில், "தவறான தகவல். வருந்துகிறேன்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

இப்படி மூன்று மனிதர்களும் மீன் பைத்தியம் பிடித்து நின்ற நிலையில்தான் வைகாசி நடுவில் இறங்கும் இடவப்பாதி மழை வரும் காலம் நெருங்கியது.

எங்கள் வீட்டு மதிலை ஒட்டி ஒரு "தோடு" ஓடியது. மேலே இருந்த நெல்வயலில், அந்த ஊர் வழக்கில் "ஏலா"வில், மழைத் தண்ணீர் நிறைந்தால் இந்த ஓடை வழியாகத்தான் காயலில் வந்து விழும். முதல் பெருமழையில் அந்தக் கலங்கல் தண்ணீர் காயலைத் தொட்டதும் மீன்களுக்கு என்னவோ ஆகிவிடும். பரல், வரால், காரி, தமிழில் பனையேறிக் கெண்டை என்கிற கரிப்பிடி எல்லாம் வயிறு நிறைய முட்டையோடு அந்த ஓடையில் எதிர்நீச்சல் போட்டு வயலுக்கு ஏறும். வயலின் ஆழமில்லாத தண்ணீரில் முட்டையிட்டுவிட்டு இறங்கும். இதைத்தான் "ஊத்த" என்றார்கள். சித்திரையில் பெய்த கோடை மழைக்கு ஒன்றுகூட அசையவில்லை. அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்று ஜலதோஷத்தோடு திரும்பினார். எந்த மழை தங்கள் மழை என்று அவற்றுக்கு எப்படித் தெரிகிறது என்பதற்கு இன்றுவரை எனக்குச் சரியான பதில் இல்லை.

தோடு காயலில் சேரும் வாய் எங்கள் வீட்டு எல்லைக்குள் இருந்தது. வருஷாவருஷம் ஊத்தக்கு அங்கே மீன் பிடிக்க மூங்கில் கூடு வைப்பது செல்லையன்தான். ஆனால் அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்களோ அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் வைப்பார். அந்த வருஷம் கேட்க வேண்டிய ஆள் அப்பா. செல்லையனுக்கு அந்த வருஷம் அவசியமும் இருந்தது. மார்த்தாண்டத்தில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் கிரேஸ் அக்கா ஏழு மாதக் கர்ப்பிணியாகப் பிரசவத்துக்கு வரப்போகிறாள். வாய்க்கு எதுவுமே பிடிக்கவில்லை, ஊத்தக் கரிப்பிடியைக் குடம்புளி போட்டு வைத்த குழம்பு மட்டும் வேண்டும் என்று கடிதம் எழுதியிருந்தாள். எஸ்தர் அக்கா அந்த இன்லண்ட் கடிதத்தைக் கொண்டுவந்து அம்மாவிடம் படித்தே காட்டினாள்.

"சாமி, இந்த வருஷமும் கூடு வைக்கட்டா?" என்று செல்லையன் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

அப்பா ஒரு நாள் அவகாசம் கேட்டார். அன்று வீட்டில் நடந்த சண்டை மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை.

"பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுக் கேக்கறா. அதைத் தடுத்தா அந்தப் பாவம் யாருக்காக்கும்?" என்றாள் அம்மா, பூண்டைக்கூட வீட்டுக்குள் விடாத அம்மா.

"அந்த மீனும் பிள்ளைத்தாச்சிதானேடி?"

"அதுக்குக் கடுதாசி எழுதத் தெரியாதே."

"தெரியாததனாலதான் நாம பாக்கணும்."

நான் யார் பக்கம் சேர்வதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் சேர்ந்தேன். கிரேஸ் அக்காவை நான் பார்த்ததே இல்லை, ஆனால் அவளுக்குக் குழம்பு கிடைக்க வேண்டும். கரிப்பிடியும் வயலுக்குப் போய்ச் சேர வேண்டும். இரண்டும் எப்படி முடியும் என்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். மறுநாள் அப்பா மதிலருகே போய், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "மன்னிக்கணும் செல்லையன். எங்க எல்லைக்குள்ள வேண்டாம்" என்றார். செல்லையன் "சரி சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அம்மா அன்றைக்கு அப்பாவுக்கு இரண்டாவது காப்பி கொடுக்கவில்லை.

அப்பா அதோடு நின்றிருந்தால் இந்தக் கதை இல்லை. கூடு இல்லாமல் மேலே போகிற மீனை ஏலாக்காரர்கள் வரப்புக்கு வரப்பு பிடிப்பார்களே என்ற கவலை அவரை அரித்தது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டார். மேலே போனால்தானே பிடிப்பார்கள், போகவே விடாவிட்டால்? வீட்டின் பின்புறம் பழைய மாட்டுக்கொட்டகையின் மூங்கில் தட்டி ஒன்று கிடந்தது. ஒரு சனிக்கிழமை, செல்லையன் மகளைக் கூட்டிவர மார்த்தாண்டத்துக்குப் பஸ் ஏறியபிறகு, அப்பாவும் நானும் அந்தத் தட்டியை இழுத்துப்போய்த் தோட்டின் வாயில் குறுக்கே நிறுத்தினோம். நாலு முளை அடித்து, கயிறு போட்டு, அடியில் கல் வைத்து, பரல் நுழையக்கூட இடம் இல்லாமல் அடைத்தோம். அப்பாவின் வேஷ்டி முழுக்கச் சேறு. "இனிமே பத்திரம்" என்று அவர் சொன்னபோது, உலகத்திலேயே இரக்கமுள்ள மனிதர் என் அப்பாதான் என்று எனக்கு நெஞ்சு விம்மியது.

அன்று சாயங்காலமே இடவப்பாதி இறங்கியது. விடிந்தபோது மழை சற்றுக் குறைந்திருந்தது. பின்பக்கத்திலிருந்து "க்ளுக்" இல்லை, வேறு ஒரு சத்தம் கேட்டது. நூறு பேர் ஈரத் துணியைக் கல்லில் அடிப்பதுபோல ஒரு சத்தம். அப்பாவும் நானும் ஓடினோம்.

தேயிலைத் தண்ணீர் நிறத்தில் தோடு தட்டியின் ஓட்டைகள் வழியே பீறிட்டுக்கொண்டிருந்தது. தட்டிக்குக் கீழே மீன், மீன், மீன்! தண்ணீர் எது மீன் எது என்று தெரியவில்லை. பரல்கள் வெள்ளி வெள்ளியாய் எம்பித் தட்டியில் மோதி விழுந்தன. வரால்கள் தலையால் முட்டின. கரிப்பிடிகள் செவுளை விரித்து, அதிலிருந்த முள்ளை மூங்கிலில் மாட்டி ஏறப் பார்த்தன. எல்லாவற்றுக்கும் வயிறு உப்பியிருந்தது. இந்த விருந்துக்குக் காயல் முழுவதும் வந்திருந்தது. கொக்குகள் வரிசையாக நின்று நிதானமாகப் பொறுக்கின. பருந்து இரண்டு மேலே வட்டமடித்தன. ஒரு தண்ணீர்ப்பாம்பு தின்ன முடியாமல் தின்றுவிட்டுக் கல்மேல் கிடந்தது. சந்து ஜனங்கள் வேறு கூடையும் பழைய கொசுவலையுமாக வந்து இறங்கிவிட்டிருந்தார்கள். முட்டி அளவு தண்ணீரில் நின்றுகொண்டு சும்மா அள்ளினாலே கூடை நிறைந்தது.

"இது எங்க எல்லை! தொடப்படாது!" என்று அப்பா குடையை விரித்துக் குறுக்கே நின்று கத்தினார். யார் காதிலும் விழவில்லை. கொசுவலை வைத்திருந்த ஒருவர் அப்பாவைப் பார்த்து முகமெல்லாம் மலர்ந்து, "கொள்ளாம் சாமி! இத்தனை வருஷத்துல இப்படியொரு அடைப்பு யாரும் கட்டினதில்லை. எங்க படிச்சிய?" என்று கேட்டார். அப்பாவின் குடை தாழ்ந்தது. வெள்ளாயணிக் காயலில் அதுவரை எவனும் செய்யாத அளவு பெரிய மீன் பொறியை, மீன் வாடை படாத என் அப்பா கட்டியிருந்தார். அவர் முகத்தை அப்போது நான் பார்த்திருக்கக் கூடாது.

அந்த நேரத்தில்தான், ராத்திரியே மகளோடு ஊர் திரும்பியிருந்த செல்லையன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ஒரு நிமிஷம் நின்று தட்டியைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார்.

"என்ன காரியம் சாமி செஞ்சிய? முழுசா அடைச்சுப்போட்டியளே!"

"பிடிபடாம இருக்கட்டும்னுதான்..." அப்பா குடை நுனியால் தட்டியைக் காட்டினார்.

"எங்க மாமனார் காலத்துல இருந்தே கூடு வைக்கது பாதித் தோட்டுலதான். மறுபாதி மீன் போவ வழியாக்கும். அது மேல போயிப் பெத்துப்போட்டாத்தானே அடுத்த வருஷம் நமக்கு வரும்?"

அப்பா குடையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடியோடு தண்ணீரில் இறங்கினார். முளை அசையவில்லை. ராத்திரி மழை கொண்டுவந்த ஓலையும் சேறும் தட்டியை இறுக்கிப் பிடித்திருந்தன. செல்லையன் ஒரு முனை, அப்பா ஒரு முனை. "ஏலேய், கூடையைக் கீழ வச்சிட்டு வந்து பிடியுங்கலே!" என்று செல்லையன் போட்ட அதட்டலில் கொசுவலைக்காரரும் வந்து சேர்ந்தார். மூன்றாவது இழுப்பில் கயிறு அறுந்து, தட்டி நடுவில் முறிந்து, அப்பா மல்லாக்க விழுந்தார். தேங்கியிருந்த தண்ணீர் அவர்மேல் புரண்டது. அது வடிந்ததும் மீன்கள் ஏறின. அப்பாவின் மடிமேல், தோள்மேல், பூணூலுக்கு இடையில், காலுக்குள் புகுந்து, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு, நூறும் ஆயிரமுமாக ஏறின. அப்பா எழுந்திருக்கவே இல்லை. வயிறு குலுங்கச் சிரித்துக்கொண்டு அப்படியே கிடந்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கரையில் ஒதுங்கித் துடித்தவற்றை நானும் எஸ்தர் அக்காவும் பக்கெட்டில் அள்ளித் தட்டிக்கு மேலே கொண்டுபோய் விட்டோம். அம்மா படியில் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். அவள் காலடியில் ஒரு கரிப்பிடி, உள்ளங்கை நீளம், செவுளைத் தரையில் ஊன்றி ஊன்றி வயல் இருக்கும் திசைக்கே நடந்துகொண்டிருந்தது. "ஐயோ, நடக்கறதே! இது நடக்கறதே!" என்று கூவினாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். முள் குத்தி ரத்தம் வந்தது. விடவில்லை. ஓடிப்போய்த் தோட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து அடுத்ததைத் தேடினாள்.

கூட்டம் கலைந்த பிறகு அப்பா சொட்டச் சொட்டச் செல்லையன் முன் நின்றார். "உங்க கூட்டைக் கொண்டு வாங்கோ. பாதித் தோட்டுல வையுங்கோ" என்றார்.

"வேண்டாம் சாமி, மனசில்லாமச் சொல்லாண்டாம்."

"மனசோடதான் சொல்றேன். குழந்தை ஆசையா வந்திருக்கா."

கூடு வைத்தார்கள். அதற்குப் பக்கத்தில் அப்பாவே ஒரு கல்லைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். செல்லையன் கூட்டுக்குள் கைவிட்டு ஒவ்வொரு கரிப்பிடியாக எடுப்பார், வயிற்றைப் பெருவிரலால் தடவுவார். முட்டை இருந்தால் அப்பா கையில் கொடுப்பார். அப்பா அதை இரண்டு கையாலும் வாங்கிக் கூட்டுக்கு மேலே விடுவார். முட்டை இல்லாத ஆண் மீன் மட்டும் கூடைக்குப் போயிற்று. எட்டோ ஒன்பதோ சேர்ந்ததும் "மதி, போதும்" என்று செல்லையனே கூட்டைத் தூக்கிவிட்டார். அன்றைய குறிப்பில் அப்பா எழுதியது ஒரே வரி. "வரப்பெற்றவை அனைத்தும் உரிய நடவடிக்கைக்காக மேலிடத்துக்கு அனுப்பி வைக்கப்பட்டன."

மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து குழம்பு கொதிக்கிற வாசனை வந்தது. ஊதுபத்தி ஏற்ற வேண்டும் என்று அம்மாவுக்குத் தோன்றவே இல்லை. ஒரு தூக்கில் தயிர் சாதமும் நார்த்தங்காயும் எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள். கிரேஸ் அக்கா தரையில் காலை நீட்டி உட்கார்ந்து, நெற்றியெல்லாம் வியர்க்க, சட்டியோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். எங்களைப் பார்த்துச் சட்டியை மறைக்கப் பார்த்தாள். "மறைக்காதே, வயிறு நிறையச் சாப்பிடு" என்று அம்மா அவள் எதிரிலேயே உட்கார்ந்தாள். கிரேஸ் அக்கா குழம்பை முடித்துவிட்டு எங்கள் தயிர் சாதத்தையும் ஒரு பருக்கை விடாமல் தின்றாள். ஆடியில் அவளுக்குப் பெண் பிறந்தது. ஆவணியில் நாங்கள் கரமனைக்குத் திரும்பிவிட்டோம்.

அப்பா இப்போது இல்லை. எஸ்தர் அக்காவும் செல்லையனும் இல்லை. நான் கரமனையில்தான் இருக்கிறேன், வெள்ளாயணிக்கு ஒரு பஸ் தூரம். ஆனாலும் பல வருஷம் போகாமல் இருந்துவிட்டு, போன இடவத்தில் ஒரு நாள் மழை விட்ட நேரமாகப் பார்த்துப் போனேன். காயல் இருக்கிறது. தோட்டின்மேல் ஸ்லாப் போட்டுக் கான்கிரீட் ரோடாக்கிவிட்டார்கள். ஏலா முழுவதும் வீடுகள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்ததில்லை. ஒருவருக்கு மகளுக்கு வீடு கட்ட இடம் வேண்டியிருந்தது, ஒருவருக்கு ஆம்புலன்ஸ் வர வழி வேண்டியிருந்தது. எங்கள் அப்பா ஒரு ராத்திரிக்கு மட்டும் போட்ட அடைப்பு இப்போது நிரந்தரமாகிவிட்டது. இழுத்துப் பிடுங்க இரண்டு முனை இல்லை.

கிரேஸ் அக்கா மார்த்தாண்டத்திலிருந்து திரும்பி வந்து செல்லையன் வீட்டிலேயே இருக்கிறாள். பேத்தி எடுத்துவிட்டாள். காப்பி குடித்துவிட்டு இருவரும் ரோட்டில் நின்று பேசிக்கொண்டிருந்தபோது, ஒரு ஸ்கூட்டர் எதையோ கண்டு வளைந்து போயிற்று. பார்த்தால் ஈரக் கான்கிரீட்டில் ஒரு கரிப்பிடி. செவுளை ஊன்றி, உடம்பை வளைத்து, ஊன்றி, வளைத்து, ஏலா இருந்த பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் முந்தானையைச் சுற்றி அதைக் கையில் எடுத்தேன். கிரேஸ் அக்கா பெருவிரலால் வயிற்றைத் தடவிப் பார்த்து, "முட்டை உண்டு பிள்ளே" என்றாள்.

"எங்கே விடறது அக்கா?"

"மேல எங்க விட? மேல ஒண்ணும் இல்லியே."

இரண்டு பேரும் மறுபடியும் பிடித்த மழையில் நனைந்துகொண்டு கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றோம். வேறு வழியில்லாமல் படியிறங்கிக் காயலில் விட்டேன். அது போய்விடும் என்று நினைத்தேன். ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, நான் கையை எடுப்பதற்குள்ளேயே, கரையைப் பார்த்துத் திரும்பி நின்றது.